அப்பா கேட்ட பஸ்

"ஏர்போர்ட்ல இருந்து பஸ் கெடையாதா?"

டிஸ்னி வேர்ல்ட் போகப்போகிறோம் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். மிக்கி மவுஸைப் பற்றியோ, டிக்கெட் விலையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. 31 வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும், அங்கே போக எந்த பஸ் ஸ்டாண்டில், எத்தனை மணிக்கு வண்டி என்றுதான் அவர் மனசு ஓடும்.

போன வருடம் அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து எங்களிடம் வந்திருந்தார்கள். நாங்கள் இருப்பது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில். மார்ச் மாதம் முடியப்போகிறது, குளிர் விட்டபாடில்லை. நாலு வயது நகுலனுக்குப் பள்ளி விடுமுறை. வெயில் அடிக்கிற ஊருக்கு எங்கேயாவது கூட்டிப் போனால்தான் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றுவார் என்ற நிலைமை. அப்படித்தான் ஃப்ளோரிடா, ஆர்லாண்டோ என்று முடிவானது. ஐந்து பேர், நான்கு நாள். கொலம்பஸிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. முடியாமல் ஒரு வாரம் இழுத்தது, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு எப்படிப் போவது என்கிற விஷயம். தூரம் என்னவோ 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். நம்மூர்க் கணக்கில் திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி. அதற்கு இத்தனை யோசனையா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். எதையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்க்காமல் செய்யமாட்டார். வாடகைக் கார், ஆப் டாக்ஸி, கட்டண பஸ், டவுன் பஸ், டிஸ்னியின் சொந்த வேன் என்று ஐந்து வரிசை. டாலர், நிமிடம், பெட்டி, குழந்தை சீட் என்று தலைப்புகள். லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்து, "மாமா, நீங்களே சொல்லுங்க" என்று அப்பாவிடம் திருப்பினார்.

அப்பா கேட்ட மாதிரி ஒரு பஸ் முன்பு இருக்கத்தான் செய்தது. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குகிறவர்களை விமான நிலையத்திலிருந்து இலவசமாகவே கூட்டிப்போனார்கள். 'மேஜிக்கல் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 2005-ல் ஆரம்பித்து 2021 கடைசி வரைக்கும் ஓடியது. வீட்டுக்கே மஞ்சள் அட்டை அனுப்பிவைப்பார்களாம். அதைப் பெட்டியில் கட்டிவிட்டால், நாம் பெட்டியைத் தொடவே வேண்டாம், நேரே ஹோட்டல் அறைக்கு வந்துவிடும். முன்பு போய்வந்த என் அலுவலகத் தோழி இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டிய எதுக்கு நிறுத்துனான்? கலெக்‌ஷன் இல்லையோ?" என்றார் அப்பா.

"இலவசம்ப்பா. கலெக்‌ஷனே கெடையாது."

"பின்ன நிறுத்தாம என்ன செய்வான்?"

இப்போது அதே வழியில் கட்டண பஸ் ஓடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு வழிக்குத் தலைக்கு 20 டாலருக்குள், குழந்தைக்குக் கொஞ்சம் குறைச்சல். ஒரு ஆள், இரண்டு ஆள் என்றால் லாபம். ஐந்து பேர் என்றால் 80 டாலரை நெருங்குகிறது. அம்மா உடனே மனசுக்குள் ரூபாயாக்கி, "திருநெவேலில இருந்து மெட்ராஸுக்கு அஞ்சு பேரும் ஏசி பஸ்ல போயிரலாம்" என்றார்.

ஆப் டாக்ஸியில் சாதாரண கார் அதைவிடக் குறைச்சல்தான். ஆனால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஒரு காரில் அடங்காது. பெரிய வண்டி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நகுலனுக்கான சீட். ஃப்ளோரிடா சட்டப்படி 5 வயது வரையுள்ள குழந்தைகளைக் காரில் அதற்குரிய சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டும். வாடகை வண்டிகளுக்குச் சில விலக்குகள் உண்டு என்கிறார்கள். உண்டோ இல்லையோ, நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சாலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. எங்கள் கார் சீட்டையே கொண்டுபோகலாம், விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால், அந்தக் கனத்தை ஏர்போர்ட் முழுக்கத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது?

டிஸ்னியின் சொந்த வேன், சிவப்பு நிறத்தில் வெள்ளைப் பொட்டு வைத்து, மின்னி மவுஸ் பாவாடை மாதிரி இருக்கும். குழந்தை சீட்டோடு வரும். விலையைப் பார்த்ததும் என் கணவர் அந்த வரிசையையே அழித்துவிட்டார்.

வாடகைக் கார் எடுத்தால் சுதந்திரம் உண்டு. டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து ராத்திரி பார்க்கிங் கட்டணமும் கிடையாது. ஆனால், உள்ளே போய்விட்டால் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு அவர்களே பஸ், படகு, மோனோ ரயில், ரோப் கார் எல்லாம் இலவசமாக விடுகிறார்கள். நான்கு நாளும் கார் சும்மா நிற்கும். போதாததற்கு வழியில் சுங்கச்சாவடிகள். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். கார் கம்பெனி அதற்கு ஒரு சேவைக் கட்டணம் சேர்த்துப் பின்னால் பில் அனுப்பும். (இதை எழுதும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கென்று கண்ணாடியில் தொங்கவிடுகிற டோல் பாஸ் ஒன்றை அந்த விமான நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். கார் எடுக்கிறவர்கள் அதை வாங்கிக்கொண்டால் அந்தச் சேவைக் கட்டணம் மிச்சம்.)

டவுன் பஸ் டிக்கெட் 2 டாலர் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ஹோட்டல் வாசலுக்கு வராது, பெட்டிகளோடு மாறி மாறித்தான் போக வேண்டும் என்றதும் அடங்கிவிட்டார். ரயில் இல்லையா என்றார். விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து மயாமிக்கு ஓடுகிறது. டிஸ்னிக்குப் போகாது.

கடைசியில் கட்டண பஸ் என்று முடிவானது. பஸ்ஸில் குழந்தை சீட் தொல்லை இல்லை. அப்பாவுக்கும் பஸ்தான் பிடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. யோசித்துப் பார்த்தால், அப்பா அன்றைக்கு "சரி, மாப்ள" என்று மட்டும்தான் சொன்னார். "உங்களுக்குப் பஸ் ஓகேதானேப்பா?" என்று நான் கேட்டதற்கு, "எவ்வளவு நேரம் ஆவும்?" என்று திருப்பிக் கேட்டார். "ஒரு மணி நேரம்ப்பா. முன்னப்பின்ன ஆகும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவும் இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் அப்பா காபி குடிக்கவில்லை. அப்பா காபியை வேண்டாம் என்று சொன்னதை நான் அதுவரை பார்த்ததில்லை. வெளியூர் போகிற பரபரப்பு என்று நினைத்துக்கொண்டேன். விமானத்தில் ஜூஸ் கொடுத்தார்கள், நகுலனிடம் தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கி அப்படியே வைத்துவிட்டார்.

ஆர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்கும் பகுதியிலிருந்து பெட்டி எடுக்கிற கட்டடத்துக்கு ஒரு குட்டி ரயில் கூட்டிப்போகிறது. தானாக ஓடுகிற ரயில். "டிரைவரும் இல்ல, கண்டக்டரும் இல்ல. வெளங்கிரும்" என்று அப்பா சிரித்தார். அதில் ஏறும் முன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்தார். பெட்டி வருவதற்குள் மூன்றாம் முறை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெட்டியைத் தூக்கப்போனவர் அப்படியே பின்வாங்கி, அங்கிருந்த இரும்பு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"சுகர் இறங்கிருச்சா?" என்று நான் பதற, அம்மா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா நேத்து ராத்திரியில இருந்து தண்ணி குடிக்கல. ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியலட்டி அவங்களுக்கு. தீபாவளிக்கு அப்புறம் இப்படித்தான். பஸ்ஸுல ஒரு மணி நேரம்னு நீ சொன்னியா, அதுல இருந்து ஒரே யோசனை. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்தியாவிலிருந்து வந்த அந்த நீண்ட பயணத்தையும் இப்படித்தான் தண்ணீர் குடிக்காமல் கடந்திருக்கிறார் என்று அம்மா சொன்னபோது கோபம் போய் பயம் வந்தது. 68 வயது. நாங்கள் எக்ஸெல்லில் டாலருக்கும் நிமிடத்துக்கும் பெட்டிக்கும் இடம் போட்டிருந்தோம். அப்பாவை பஸ் பிடித்தவர் என்ற கணக்கில் மட்டும் சேர்த்திருந்தோம்.

பஸ் கவுன்டரில் போய்க் கேட்டேன். எங்கள் ஹோட்டல் அந்த வண்டிக்கு ஐந்தாவது நிறுத்தம். கூட்டத்தைப் பொறுத்து ஒன்றேகால் மணி நேரம், ஒன்றரைகூட ஆகலாம். வண்டிக்குள் கழிப்பறை இல்லை. டிஸ்னி என்றால் ஒரு பூங்கா, வாசலில் ஒரு ஹோட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். அவர்களுடைய ஹோட்டல்கள் மட்டும் 25-க்கு மேல் இருக்கின்றன. நம் ஹோட்டல் எத்தனாவது நிறுத்தம் என்பதும், வண்டியில் கழிப்பறை உண்டா என்பதும் டிக்கெட் போடும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் நான் இப்போது முதலில் கேட்பது அதைத்தான்.

விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவுக்குப் புரிந்துபோயிற்று. என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க எல்லாரும் பஸ்ல போங்க. டிக்கெட் வீணாப் போயிரும். நான் பின்னால வாரேன்" என்றார். மொழி தெரியாத ஊரில், கையில் டாலர் இல்லாமல், இவர் பின்னால் வருவாராம்.

என் கணவர்தான் சட்டென்று தீர்த்தார். "நகுலுக்குக் கார் சீட் இல்லைங்க மாமா. அதனால அவனும் நானும் பஸ்ல வர்றோம். நீங்க மூணு பேரும் கார்ல போங்க." யாருடைய பிரச்னைக்காக வண்டியைப் பிரிக்கிறோம் என்பதையே அவர் மாற்றிவிட்டார். பிள்ளைக்காக என்றதும் அப்பாவும் தலையாட்டினார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்த அளவுக்கு எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

ஆப்பில் சாதாரண கார் 48 டாலர் காட்டியது. வந்த டிரைவர் போர்ட்டோ ரீக்கோகாரர். நரைத்த மீசை. அப்பாவும் அம்மாவும் பின்னால் ஏறிய பிறகு, நான் முன்னால் உட்கார்ந்து, வழியில் என் அப்பாவுக்காக நிறுத்த வேண்டியிருக்கலாம், கூடுதலாக என்ன ஆகிறதோ தந்துவிடுகிறேன் என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். தனக்கும் 66 வயது என்றும், இந்தச் சாலையில் எந்தெந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று கூகுளைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். அதைத் தமிழில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா முதன்முறையாகச் சிரித்தார். "லைன்ல உள்ளவனுக்குத்தான் லைன் தெரியும்" என்றார்.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பங்க்கில் நிறுத்தினார். அப்பா போய்வந்ததும் நான் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். பாதியை ஒரே மூச்சில் குடித்தார். நிழலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். டிரைவர் அவசரப்படுத்தவில்லை.

வண்டி மறுபடி கிளம்பி, இரண்டு பக்கமும் மரங்களாக ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"நாகர்கோவில் எண்ட் டு எண்ட்ல போய்க்கிட்டு இருந்தேன். 2004 இருக்கும். வழியில எங்கயும் நிக்காத வண்டி. வள்ளியூர் தாண்டியாச்சு. ஒரு பெரியவர், எழுவது இருக்கும், கம்பியப் பிடிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்கன்னாரு. எனக்கு அன்னிக்கு டைம் லேட்டு. இன்னா வந்துட்டு பெரியவரே, அரைமணி நேரம் பொறுத்துக்கிடுங்கன்னேன். ஒண்ணும் சொல்லல. போய் உக்காந்துட்டாரு."

அம்மா, "இப்ப எதுக்கு அது?" என்றார். அம்மாவுக்கு முன்பே தெரிந்த கதை போலிருந்தது.

"ஜங்ஷன் வந்துட்டு. எல்லாரும் இறங்கியாச்சு, அவரு மட்டும் எந்திரிக்கல. நான் கிட்டப் போய்ப் பார்த்தா, வேட்டியெல்லாம் நனைஞ்சு கெடக்கு. எல்லாரும் போகட்டும்னு உக்காந்திருக்காரு. என்னைய நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, படியைப் பாத்துப் பாத்து இறங்கிப் போய்ட்டாரு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் யாராவது கேட்டால் நிறுத்திவிடுவீர்களா என்று நான் கேட்டேன்.

"டிரைவர்கிட்ட சொல்லி வச்சிட்டேன். ரெண்டு விசில் குடுத்தா எந்த எடமா இருந்தாலும் ஓரங்கட்டிரணும்னு. டெப்போல மெமோகூடக் குடுத்தாங்க ஒரு தடவ." பிறகு, "நாங்களே அடக்கி அடக்கி ஓட்டுனவங்கதான. அடுத்தவன் கஷ்டம் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் அன்னைக்குச் சொன்னேன் பாரு, அரைமணி நேரம்னு" என்றார்.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது டிரைவரிடம் அப்பா கை குலுக்கி, தமிழிலேயே, "வாரேன் அண்ணாச்சி" என்றார். அவர் ஸ்பானிஷில் ஏதோ சொன்னார்.

நகுலனும் அவன் அப்பாவும் வந்துசேர எங்களுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பஸ் கிளம்பவே காத்திருக்க வேண்டியிருந்ததாம். பையன் முகத்தில் களைப்பே இல்லை. உயரமான சீட், பெரிய ஜன்னல், ஒவ்வொரு ஹோட்டலாக உள்ளே போய் வெளியே வந்ததில் அவனுக்கு டிஸ்னி அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எங்களைப் பார்த்து, "நீங்க ஏன் பஸ்ல வரல? பாவம்" என்றான்.

டிஸ்னியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அம்மாவுக்கு ரோப் கார் பிடித்துப்போய், தினமும் இரண்டு தடவை சும்மாவே போய்வந்தார். அப்பா முதல் நாளிலேயே என் போனில் டிஸ்னி ஆப்பைத் திறந்து, கழிப்பறைகளை வரைபடத்தில் காட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டில் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. மற்ற நேரமெல்லாம் ஹோட்டல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, எந்தப் பூங்காவுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று சின்ன நோட்டில் குறித்தார். "போர்டுல காட்டுறதுக்கும் வண்டி வாரதுக்கும் மூணு நிமிசம்தான் வித்தியாசம்" என்று தினம் ராத்திரி எங்களிடம் ஒப்பித்தார்.

திரும்பும்போது எப்படிப் போவது என்று நான் கேட்கவே இல்லை, பெரிய காராகவே புக் செய்ய இருந்தேன். அப்பாதான் பேச்சை எடுத்தார். "ரிட்டன் டிக்கெட் இருக்குல்லா? பஸ்லயே போவோம். நம்ம ஸ்டாப் எத்தனாவதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு." கேட்டேன். அந்த வண்டிக்கு எங்கள் ஹோட்டல்தான் கடைசி நிறுத்தம். ஏறினால் நேரே ஏர்போர்ட்தான். விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் முன்னால் கிளம்ப வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் குறை. வண்டி வரும் வரை அப்பா வாசலில் நின்று, கண்ணுக்குத் தெரிந்ததும் ஒருமுறை உள்ளே போய்வந்து, நிதானமாகக் கடைசி ஆளாக ஏறினார். அவருக்காக நகுலன் முன் சீட்டைப் பிடித்துவைத்திருந்தான். கதவு மூடியதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து, "போலாம், ரைட்!" என்றார்கள். அமெரிக்க டிரைவருக்கு என்ன புரிந்ததோ, ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.

ஊருக்குப் போனதும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஜூனில் போய்ப் பார்த்தார்கள். புராஸ்டேட் வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி எழுந்திருப்பது குறைந்திருக்கிறது என்று அம்மா சொன்னார். அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"வருவோம். அந்த மயாமி ரயில்னு சொன்னியே, அதுல ஒருக்கா போணும். ரயில்னா உள்ளேயே இருக்கும்லா?"